வெயிலில் கறுக்கும் கண்ணாடி



வாசலைத் தாண்டி வெயிலில் கால் வைத்த மறுகணமே கையை நெற்றிக்கு மேல் குடையாகப் பிடிப்பவர் உங்கள் இல்லத்தில் எவரேனும் உண்டா? எதிரே வருபவரின் முகம் தெரியாமல், அவர் ஸலாம் சொன்ன பிறகு குரலைக் கொண்டு ஆளை அறிந்துகொள்பவர் உண்டா? வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் சிறிது நேரம் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்பவர் உண்டா? உண்டெனில் இக்கட்டுரை அவருக்காகவே எழுதப்படுகிறது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நானும் அவர்களுள் ஒருவனாகவே வாழ்ந்திருக்கிறேன்.

நான் குடியிருப்பது மதுரையின் மேற்கு ஓரத்தில், வைகைக் கரையை ஒட்டிய கோச்சடையில். ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவோ நகருக்குள் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். காலையில் மேலக்கால் சாலை வழியே கிழக்கு நோக்கிச் செல்லும்போது உதித்தெழுந்த சூரியன் முகத்துக்கு நேரே நிற்கும். மாலையில் மேற்கு நோக்கித் திரும்பும்போது அதே சூரியன் மறுபுறம் வந்து முகத்துக்கு நேரே நிற்கும். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் மணற்பரப்பும் தன் பங்குக்கு வெளிச்சத்தை அள்ளி வீசும். நல்ல கண் உடையவர்கள் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை. எனக்கோ அது நாள்தோறும் இருமுறை நடக்கும் சோதனை.

இன்று அச்சோதனை பெருமளவு தணிந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்! காரணம், வெயிலில் தானே கறுத்து, நிழலில் தானே வெளுக்கும் ஒரு கண்ணாடி. அது எவ்வாறு இயங்குகிறது, யாருக்கு உதவும், யாருக்குத் தேவையில்லை என்பதைச் சொல்வதோடு, அக்கண்ணாடியை அணிந்த பிறகு நான் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிட விரும்புகிறேன்.

தெரியாமையும் அறியாமையும்

பிள்ளைப் பருவத்தில் நான் உயரமாக இருந்ததால் எப்போதும் கடைசி வரிசையிலேயே உட்கார வைக்கப்பட்டேன். அரபி எழுத்துக்களில் ஜீம், ஹா, கா என்னும் மூன்றுக்கும் உருவம் ஒன்றே. புள்ளி எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டுதான் எழுத்து மாறும். பே, தே, ஸே என்னும் மூன்றும் அவ்வாறே. கரும்பலகையில் உருவம் ஒருவாறு தெரியும், புள்ளி தெரியாது. ஆகவே ஒவ்வொரு நாளும் ஊகித்துச் சொல்வேன். சில நாள் சரியாக அமையும்; பல நாள் பிரம்படி கிடைக்கும். நான் கவனமில்லாதவன், மந்தபுத்தி உள்ளவன் என்றே எல்லோரும் முடிவு கட்டியிருந்தனர். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன்.

இங்கே பெற்றோர் ஒன்றை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். தொடக்கத்திலிருந்தே குறைவாகத் தெரிகின்ற குழந்தைக்கு, தனக்குக் குறைவாகத் தெரிகிறது என்பதே தெரியாது. உலகம் எல்லோருக்கும் அப்படித்தான் மங்கலாக இருக்கிறது என்று அது எண்ணிக்கொள்ளும். ஆகவே, “கண் தெரியவில்லை” என்று குழந்தை வந்து முறையிடும் என எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண்.

ஒன்பதாம் வகுப்பில் உடன் படித்தவனின் கண்ணாடியை விளையாட்டாக வாங்கி மாட்டிப் பார்த்தேன். மின்கம்பத்துக்கும் மின்கம்பத்துக்கும் இடையே கம்பிகள் ஓடுவதை அன்றுதான் கண்டேன்! வீட்டுக்கு ஓடிவந்து சொன்னபோது அத்தா உடனே ஒப்பவில்லை. “இந்த வயதில் கண்ணாடி போட்டுப் பழக்கிவிட்டால் ஆயுள் முழுக்கக் கழற்ற முடியாதே!” என்றார்கள். அன்பினால் சொன்ன சொல்தான். ஆனால் அதனால் மேலும் ஓராண்டு வீணாயிற்று.

பின்னர் மருத்துவர் பரிசோதித்தபோது குறைகள் இரண்டு என்று தெரிந்தது. ஒன்று, கடுமையான கிட்டப்பார்வை. விழிக்கோளம் இயல்பைவிட நீண்டுவிடுவதால், தொலைவில் உள்ள பொருளின் உருவம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னதாகவே குவிந்துவிடுகிறது. இதைச் சரிசெய்யும் குழிவில்லைக்கே மக்கள் ‘மைனஸ் பவர்’ என்று பெயர் வழங்குகின்றனர். இரண்டாவது, சிறு வயதில் வந்த கண்நோய் ஒன்று கருவிழியின் மேற்படலத்தில் விட்டுச் சென்ற தழும்பு. தெளிந்த கண்ணாடிச் சாளரத்தில் கீறல் விழுந்தால் வெயில் பட்டதும் அக்கீறல் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறே இத்தழும்பும் உள்ளே நுழையும் ஒளியைச் சிதறடிக்கும். அதனால்தான் எனக்குப் பிறரைவிட அதிகமாகக் கண் கூசியது.

முதற்குறைக்குச் சாதாரணக் கண்ணாடி கிடைத்தது. இரண்டாவதற்கு, பவர் வைத்த கறுப்புக் கண்ணாடி ஒன்றைத் தனியாகச் செய்து வைத்துக்கொண்டேன். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என நாளெல்லாம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றைப் பேருந்தில் தவறவிட்டேன். மற்றொன்றின் மேல் நானே உட்கார்ந்தேன். ஒருநாள் லுஹர் நேரத்தில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மறந்து பள்ளிவாசலுக்குள் நுழைந்தவன், படி என்று எண்ணி ஹவுளின் நீருக்குள்ளேயே காலை வைத்துவிட்டேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். ஆயினும் இரு கண்ணாடி வாழ்க்கை அன்றோடு கசந்துபோயிற்று.

வெளிச்சம் ஏன் வலிக்கிறது?

கண் கூசுதல் என்பது அற்பமான விஷயம் போலத் தோன்றும். ஆனால் அந்த அற்பமான அனுபவத்தைக் கொண்டுதான் பார்வையைப் பற்றிய பழைய கொள்கை ஒன்று தகர்க்கப்பட்டது என்பதை அறிந்தால் வியப்படைவீர்கள்.

கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதால்தான் நாம் காண்கிறோம் என்று பண்டைய கிரேக்க அறிஞர்களுள் யூக்ளிட், தாலமி போன்றோர் கருதினர். பஸராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம் இதை ஏற்கவில்லை. கடும் ஒளியை உற்று நோக்கினால் கண் வலிக்கிறது. பார்வையைத் திருப்பிய பின்னரும் அவ்வொளியின் சாயல் சற்று நேரம் கண்ணிலேயே நிற்கிறது. ஆகவே ஒளிதான் வெளியிலிருந்து வந்து கண்ணின் மீது செயற்படுகிறது என்று அவர் வாதிட்டார். பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் எழுதிய ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூல் பிற்காலத்தில் லத்தீன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்களுக்குப் பாடநூலாயிற்று. 2015ஆம் ஆண்டைச் சர்வதேச ஒளி ஆண்டாக உலகம் கொண்டாடியபோது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவருடைய பணியும் சிறப்பாக நினைவுகூரப்பட்டது. மூக்குக் கண்ணாடி என்ற கருவியே அவருக்குப் பின், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில்தான், இத்தாலியில் தோன்றியது.

ஒளிக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு கண்ணிலேயே அமைந்திருக்கிறது. கண்ணின் நடுவே உள்ள பாவை, கடும் வெளிச்சத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். இருளில் சுமார் 8 மில்லிமீட்டர் வரை விரியும். பரப்பளவில் கணக்கிட்டால் இது பதினாறு மடங்கு வேறுபாடு. ஆனால் நண்பகல் வெயிலின் வெளிச்சம் வீட்டு அறையின் வெளிச்சத்தைவிடப் பல நூறு மடங்கு அதிகம். எஞ்சிய வேலையை விழித்திரைதான் செய்ய வேண்டும். வெளிச்சத்துக்கு அது விரைவில் பழகிவிடும். இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். நல்ல கண்ணுக்கே இந்நிலை என்றால், தழும்பு உள்ள கண்ணுக்கும், புரை விழத் தொடங்கிய கண்ணுக்கும், பிறவியிலேயே நிறமி குறைந்த கண்ணுக்கும் எவ்வளவு சிரமம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கண்ணாடிக்குள் ஒரு திரை

வெயிலில் கறுக்கும் கண்ணாடி அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் பிறந்தது. அங்கே பணியாற்றிய வில்லியம் ஆர்மிஸ்டெட், டொனால்ட் ஸ்டூக்கி என்ற இரு விஞ்ஞானிகள் 1960களில் இதை உருவாக்கினர்.

பழைய புகைப்படச் சுருளை அறிந்தவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். சுருளில் பூசப்பட்டிருந்தது வெள்ளியின் உப்பு. ஒளி பட்டதும் அவ்வுப்பிலிருந்து வெள்ளி பிரிந்து கறுப்பாகும், படம் பதியும். அதே வெள்ளியுப்பைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகக் கண்ணாடிக்குள் சிறைப்படுத்தினார்கள். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் வெள்ளி பிரிந்து கண்ணாடி கறுக்கிறது. சுருளில் கறுத்தது கறுத்ததுதான். அது பழைய நிலைக்குத் திரும்பாது. இங்கோ பிரிந்த பொருள்கள் கண்ணாடிக்குள்ளேயே அடைபட்டிருப்பதால், கதிர் விலகியதும் மீண்டும் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. இதற்குத் துணைபுரியச் சிறிதளவு செம்பும் சேர்க்கப்படுகிறது. பிரிவும் கூடலும் ஆயிரக்கணக்கான முறை நடந்தாலும் கண்ணாடி சலிப்பதில்லை.

அந்தக் கண்ணாடிக்கு ஒரு குறை இருந்தது. கறுக்கும் பொருள் கண்ணாடி முழுவதும் கலந்திருந்ததால், தடித்த பகுதி அதிகமாகவும் மெலிந்த பகுதி குறைவாகவும் கறுக்கும். என்னைப் போல் மைனஸ் பவர் மிகுந்தவர்களின் கண்ணாடி நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருக்குமல்லவா? ஆகவே நடுவில் வெளிறி, ஓரத்தில் கறுத்து, விகாரமாகத் தோன்றும். எடையும் அதிகம். 1990களின் தொடக்கத்தில் பிளாஸ்டிக் வில்லையிலேயே இவ்வேலையைச் செய்யும் முறை சந்தைக்கு வந்தது. இதில் வெள்ளிக்குப் பதிலாகச் சில கரிமச் சாயங்கள் வில்லையின் மேற்பரப்பில் மெல்லிய அடுக்காகச் சேர்க்கப்படுகின்றன. புற ஊதாக் கதிர் பட்டால் இச்சாயத்தின் மூலக்கூறு விரிந்து நிறம் காட்டும்; கதிர் விலகினால் மடங்கி நிறமற்றுப்போகும். வில்லை முழுவதும் ஒரே சீராகக் கறுக்கும், எடையும் குறைவு. இன்று கண்ணாடிக் கடைகளில் ‘போட்டோகுரோமிக்’ என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது இதைத்தான்.

மதுரை வெயிலில் கண்ட உண்மைகள்

நாற்பதைக் கடந்ததும் எனக்கு வெள்ளெழுத்தும் வந்து சேர்ந்தது. மேலே தூரத்துக்கும் கீழே வாசிப்புக்குமாகப் பைஃபோகல் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கூச்சத்தைப் பற்றியும் சொன்னேன். “இதையே வெயிலில் கறுக்கும் வில்லையாகச் செய்துகொள்ளுங்கள், ஆனால் எல்லா இடத்திலும் ஒரேபோல் கறுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்” என்றார். அவர் சொன்னதன் பொருளை அணிந்த பிறகே உணர்ந்தேன்.

முதல் நாள் வாசற்படி இறங்கி நூறு அடி நடப்பதற்குள் கண்ணுக்கு முன்னே நிழல் படர்ந்தது. சாலையின் நிறம் தெரிந்தது. எதிரே வந்தவரின் முகம் தெரிந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, பிறர் சொல்வதற்கு முன் நான் ஸலாம் சொன்னேன். இதைப் படிக்கும் உங்களுக்கு இது சிறு செய்தியாக இருக்கலாம். ‘ஹஜ்ரத் கண்டும் காணாமல் போகிறார்’ என்ற மனத்தாங்கலை ஆண்டுக்கணக்கில் சுமந்தவனுக்கு இது சிறிதன்று.

இனி இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வாங்க நினைப்பவர்கள் இவற்றை முன்பே அறிந்திருப்பது நல்லது.

ஒன்று: கறுப்பது விரைவு, வெளுப்பது தாமதம். வெயிலில் ஒரு நிமிடத்துக்குள் பெரும்பாலும் கறுத்துவிடும். உள்ளே வந்தால் தெளிவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். முதல் வாரத்தில் வகுப்பறைக்குள் கறுப்புக் கண்ணாடியோடு நான் நுழைந்ததைக் கண்ட பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ‘ஹஜ்ரத்துக்குக் கூலிங் கிளாஸ் எதற்கு?’ என்று பெரியவர்களிடையேயும் பேச்சு எழுந்ததாக அறிந்தேன். ஒருநாள் அவர்கள் முன்னிலையிலேயே கண்ணாடியைக் கழற்றி, ஒரு வில்லையைக் கையால் மூடி மறு வில்லையை வெயிலில் காட்டினேன். ஒன்று வெளுத்தும் ஒன்று கறுத்தும் இருந்ததைப் பார்த்துவிட்டு, விலை என்ன என்று கேட்டார்கள்!

இரண்டு: வெப்பம் மிகுந்தால் கறுமை குறையும். வில்லை சூடேறும்போது வெளுக்கும் செயலும் விரைவாக நடப்பதே காரணம். சித்திரை வெயிலில் எந்த அளவு வேண்டுமென்று நாம் விரும்புகிறோமோ அந்த அளவு மதுரையில் கறுப்பதில்லை. ஆனால் கொடைக்கானலுக்குச் சென்றபோது குளிரிலும் மலையுயரத்துப் புற ஊதாக் கதிரிலும் கன்னங்கரேலென்று ஆயிற்று.

மூன்று: காருக்குள் இது பெரும்பாலும் கறுக்காது. முன்கண்ணாடியே புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. ஹெல்மெட்டின் முகத்திரையை இறக்கிவிட்டு வண்டி ஓட்டினாலும் இதே நிலைதான். ஓட்டுநர் தொழிலில் உள்ளவர்கள் இதை எண்ணிப் பார்த்தே வாங்க வேண்டும். மாறாக, மேகம் மூடிய நாளிலும் புற ஊதாக் கதிர் வருவதால், வெயிலே இல்லாதபோதும் ஓரளவு கறுக்கும்.

நான்கு: இதற்கும் ஆயுள் உண்டு. சில ஆண்டுகளில் சாயம் சோர்ந்துவிடும். முன்போல் கறுக்காது, முற்றிலும் வெளுக்கவும் செய்யாது. விலையோ சாதாரண வில்லையைவிட அதிகம்.

ஐந்து: எவ்வளவு கறுத்தாலும் இதைக்கொண்டு சூரியனை நேராகவோ கிரகணத்தையோ பார்க்கலாகாது. வெல்டிங் பட்டறையிலும் இது போதாது. அன்றியும், இது கூச்சத்தைத் தணிக்குமே தவிர நோயைக் குணப்படுத்தாது. இதுவரை இல்லாத கூச்சம் திடீரென வந்தாலோ, கண் சிவந்து வலித்தாலோ செல்ல வேண்டிய இடம் கண்ணாடிக் கடையன்று, மருத்துவமனை.

சாலையோரத்தில் விற்கும் மலிவான கறுப்புக் கண்ணாடியைப் பற்றியும் ஒரு சொல். புற ஊதாக் கதிரைத் தடுக்காத வெறும் கறுப்பு நன்மையைவிடத் தீமையே செய்யக்கூடும். கறுப்பின் பின்னே பாவை விரிந்துகொள்ளும். அந்த அகன்ற வாசல் வழியே கதிர் உள்ளே புகும்.

நெற்றியில் வைத்த கை

இப்போது, முதலில் சொன்ன பாடத்துக்கு வருகிறேன்.

எங்கள் மத்ரஸாவில் தங்கி ஹிஃப்ளு ஓதும் பிள்ளைகளுள் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். வெளியூரைச் சேர்ந்தவன். கிதாபை முகத்தோடு ஒட்டிக்கொண்டு ஓதுவான். பலகையில் எழுதியதைக் கேட்டால் ஜீமைக் கா என்பான். பேயைத் தே என்பான். “கவனம் எங்கே இருக்கிறது?” என்று பலமுறை கடிந்திருக்கிறேன். சில நாள் மூலையில் நிற்கவும் வைத்திருக்கிறேன்.

ஓர் அஸருக்குப் பின் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் புதுக் கண்ணாடியின் நிழலில் சுகமாக நின்றுகொண்டிருந்தேன். அச்சிறுவன் மட்டும் வாசற்படியிலேயே, கண்ணைச் சுருக்கி, நெற்றிக்கு மேல் கையை வைத்தபடி நின்றான். அந்தக் கையை நான் அறிவேன். நாற்பது ஆண்டுகளாக என் நெற்றியில் இருந்த கை அது!

அருகே சென்று, எதிர்ச்சுவரிலிருந்த கடிகாரத்தைக் காட்டி, “மணி என்னப்பா?” என்று கேட்டேன். அவன் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, “யார்கிட்டயாவது கேட்டுத் தெரிஞ்சுக்குவேன், ஹஜ்ரத்” என்றான்.

வாசகர்களே! அந்த வேளையில் எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை எழுத்தில் சொல்ல முடியாது. எனக்கு எது இழைக்கப்பட்டதோ, அதையே நான் அவனுக்கு இழைத்திருக்கிறேன். அறியாதவர் செய்தால் அது அறியாமை. அதையே அனுபவித்தவன் செய்தால் அதற்கு என்ன பெயர்?

வெள்ளிக்கிழமை அவனைப் பார்க்க வந்த அவனுடைய அத்தாவிடம் செய்தியைச் சொன்னேன். “இந்த வயசிலேயே கண்ணாடியா, ஹஜ்ரத்? போட்டுப் பழக்கிட்டா வாழ்நாள் பூரா கழட்ட முடியாதே!” என்றார். என் அத்தா சொன்ன அதே சொல், சற்றும் மாறாமல்! என் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். “இதைப் போட்டதால் எனக்குக் கண் கெடவில்லை, ஓராண்டு போடாமல் இருந்ததால் படிப்புத்தான் கெட்டது” என்றேன். உண்மையும் அதுவே. கண்ணாடி அணிவதால் பவர் ஏறுவதில்லை. வளரும் வயதில் விழிக்கோளம் நீளும்வரை பவர் ஏறத்தான் செய்யும். கண்ணாடியை மறுப்பதால் அது நிற்கப்போவதில்லை.

மூவருமாகக் கண் மருத்துவமனைக்குச் சென்றோம். இரு கண்ணிலும் கிட்டப்பார்வை என்று தெரிந்தது. என்னுடையதைப் போன்ற கண்ணாடியையே அவனுக்கும் செய்து தரலாம் என்று நான் ஆர்வத்தோடு சொன்னபோது மருத்துவர் சிரித்தார். “தெளிவாகத் தெரியாத பிள்ளைகள் கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார்கள். முதலில் பார்வையைத் திருத்துவோம், கூச்சம் மிச்சமிருந்தால் பிறகு பார்க்கலாம்” என்று சாதாரணக் கண்ணாடியே எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னதே சரியாயிற்று. விலையுயர்ந்தது எனக்கு உதவியது என்பதால் அது எல்லோருக்கும் தேவை என்று ஆகிவிடாது.

மறுவாரம் பலகையில் நான் எழுதியதை அவன் கடைசி வரிசையிலிருந்து தடையின்றிச் சொன்னான். அத்தனை பிள்ளைகள் முன்னிலையிலும் அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். ஓர் ஆசிரியன் அவ்வாறு கேட்பதால் அவன் மதிப்புக் குறைந்துவிடும் என்று நான் கருதவில்லை.

நம் ஊரில் நடந்த நற்பணி

பார்வைக் குறையைத் தேடிச் சென்று தீர்ப்பதில் மதுரைக்கு உலகப் புகழ் உண்டு. 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கண் அறுவைச் சிகிச்சையைப் பயின்று, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் செய்தவர். அரசுப் பணியிலிருந்து 58ஆம் வயதில் ஓய்வு பெற்றதும், 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வசதி உள்ளவர் தரும் கட்டணத்தைக் கொண்டு வசதியற்றவருக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் முறை அங்கே வேரூன்றியது. கண்ணுக்குள் பொருத்தும் வில்லையைக் குறைந்த விலையில் செய்வதற்காக 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடமும் அமைக்கப்பட்டது. 2006இல் அவர் மறைந்தார்; பணி தொடர்கிறது. உள்ளூர் அமைப்புக்களின் ஒத்துழைப்போடு கிராமங்களில் முகாம் நடத்தி, கண்ணாடி தேவைப்படுவோருக்கு அங்கேயே செய்து கொடுப்பதும் அப்பணியின் ஒரு பகுதி.

தமிழக அரசும் 2009இல் ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தைத் தொடங்கி, பள்ளி மாணவர்களின் கண்களைப் பரிசோதித்து இலவசக் கண்ணாடி வழங்க ஏற்பாடு செய்தது. பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைக்கு இவ்வாறு ஒரு வாசல் இருக்கிறது. பள்ளிக்கூடம் செல்லாமல், ஊரைவிட்டு வந்து மத்ரஸாவிலேயே தங்கி ஓதும் பிள்ளையின் கண்ணை யார் பார்ப்பது? நாம்தான் பார்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறை உள்ளது. அவர்களுள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாமல் இருப்பது.

செய்ய வேண்டியவை

முஹல்லா ஜமாஅத்தாரை அன்போடு வேண்டுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை மத்ரஸாப் பிள்ளைகள் அனைவருக்கும் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். இருபது அடி தொலைவில் எழுத்துப் பலகையை வைத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் படிக்கச் சொல்லும் தொடக்கச் சோதனைக்குச் சில நிமிடங்களே தேவை. தடுமாறும் பிள்ளைகளை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஆசிரியர் சகோதரர்களே! பிள்ளை தவறாகச் சொன்னால், அடிப்பதற்கு முன் அவனை முன்வரிசைக்கு அழைத்து மீண்டும் கேளுங்கள். அங்கே சரியாகச் சொன்னால் குறை அறிவில் இல்லை, கண்ணில் இருக்கிறது. அத்துடன், அஸருக்குப் பின் விளையாட்டு நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள். சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விடப்பட்ட பிள்ளைகளுள் மூன்றாண்டுகளில் கிட்டப்பார்வை புதிதாகத் தோன்றியவர்கள் சுமார் 30 சதவீதம். அவ்வாறு விடப்படாதவர்களுள் சுமார் 40 சதவீதம். என் கண்ணைக் கூசவைக்கும் அதே பகல் வெளிச்சம் அவர்கள் கண்ணுக்குக் காவலாக இருக்கிறது.

தாய்மார்களே! பெண்பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் மாப்பிள்ளை அமையாது என்று அஞ்சி அவளை மங்கலான உலகத்தில் வைத்திருக்காதீர்கள். அடுப்படியில் கையைச் சுட்டுக்கொள்வதும், சாலையில் வண்டி வருவது தெரியாமல் நிற்பதும் அவள்தான். பெண் பார்க்க வருபவர்கள் அல்லர். பார்வைக் குறை இழிவன்று. பார்வையற்றவராக இருந்த அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பாங்கு சொல்பவராகவும், தாம் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பாளராகவும் நியமித்த வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதுமா?

இன்று மாலையும் கோச்சடையை நோக்கித் திரும்பும்போது சூரியன் முகத்துக்கு நேரே நிற்கும். என் கண்ணாடி அதைப் பார்த்துக் கறுத்துக்கொள்ளும். உங்கள் இல்லத்தில் நெற்றிக்கு மேல் கை வைத்து நிற்கும் பிள்ளை ஒன்று இருந்தால், இந்த மாதம் முடிவதற்குள் அதை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்தக் கை நெற்றியிலிருந்து இறங்கும்.